பெட்டி மட்டும் பழையது

எங்கள் தெருவில் அவளை டைப்பிங் அக்கா என்றுதான் சொல்வார்கள். படுக்கையறை ஜன்னலோரம் ஒரு மேசை. அதன் மேல் மஞ்சள் பூத்துப்போன ஒரு கணினி. அதில்தான் பல வருடங்களாக ஒரு பதிப்பகத்துக்குப் புத்தகங்களைத் தட்டச்சு செய்து, பக்கம் அமைத்துக் கொடுக்கிறாள். தன் கைக்காசு என்று அவள் நிமிர்ந்து சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

அந்தக் கணினிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு பக்கம் திறப்பதற்குள் அவள் பாத்திரம் கழுவிவிட்டு வந்துவிடுவாள். இந்த நேரம் பார்த்துப் பதிப்பகம் அழைத்தது. அவள் முன்பு செய்து கொடுத்த தடித்த மருத்துவ அகராதி மறுபதிப்பு வருகிறதாம். மாதக் கடைசிக்குள் திருத்தித் தராவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்களாம். வேறு கைக்குப் போன வேலை திரும்பி வராது என்பது அவளுக்குத் தெரியும்.

“என்னங்க, புதுசா ஒண்ணு வாங்கிடலாமா?” என்று கணவனிடம் கேட்டாள்.

கணவன் தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். “மோட்டார்ல காயில் கம்பி எரிஞ்சா அந்தக் கம்பிய மாத்துவாங்களா, மோட்டாரையே தூக்கிப் போடுவாங்களா? உனக்கு எதுக்கெடுத்தாலும் புதுசு வேணும்.”

“கேட்டு எதை வாங்கிக் கொடுத்தீங்க? கல்யாணமான புதுசுல ஒரு கொசுவலை.”

“அது இன்னும் கிழியல, பாத்தியா.”

ரிப்பேர்காரர் வந்தார். மெமரி போட்டால் வேகம் வரும் என்றார். வாங்கி வந்த மெமரி கணினிக்குள் இருந்த பழைய மதர்போர்டில் பொருந்தவில்லை. போர்டை மாற்றினார்கள். பழைய பிராசஸர் அதில் உட்காரவில்லை. அதையும் மாற்றினார்கள். பவர் சப்ளை தாங்காது என்றார். அதுவும் மாறியது. “இவ்வளவு போட்டாச்சு, இப்ப விட்டா போட்டதும் வீண்” என்று ஒவ்வொரு முறையும் கணவன் சொன்னான். கடைசியில் வெளியே இருந்த தகரப் பெட்டி மட்டும்தான் பழையது. செலவான பணத்தில் புதிய கணினியும் வாங்கி, அவள் முதுகுவலிக்கு ஒரு நல்ல நாற்காலியும் வாங்கியிருக்கலாம்.  வேலை நடந்தால் போதும் என்று அவள் விட்டுவிட்டாள்.

அந்த அகராதி ஒரு பழைய மென்பொருளில்தான் திறக்கும். அந்த மென்பொருளுக்கு ஒரு சாவி உண்டு. தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் கட்டை. பிரிண்டர் வயர் சொருகும் அகலமான துளையில் அதைச் சொருகாவிட்டால் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

“தம்பி, இதை எங்க சொருகணும்?”

ரிப்பேர்காரர் குனிந்து பெட்டியின் பின்பக்கத்தைத் தடவினார். “இந்த போர்டுல அந்த ஓட்டையே கிடையாதுக்கா. இப்ப யாரும் அதை வைக்கிறதில்ல.”

“அப்ப பழைய போர்டையே மாட்டிடுங்க. ஆமை மாதிரி ஓடினாலும் பரவாயில்ல.”

அவர் கணவனைப் பார்த்தார். கணவன் சுவரைப் பார்த்தான்.

“அண்ணன்தான் அதை விலையில கழிச்சுக்கச் சொன்னாரு. அப்பவே பழைய இரும்புக் கடையில உடைக்கக் குடுத்துட்டேன்.”

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது, துடைக்கக்கூட இல்லை.

“புதுசு வாங்கியிருந்தா, பழசு பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்திருக்கும்ல” என்றாள்.



அடுத்து வந்த நாட்களில் அவன் அந்தத் துளையுள்ள பழைய கணினி தேடிக் கடை கடையாக அலைந்தான். கிடைத்தவற்றில் துளைதான் இருந்தது, உயிர் இல்லை. அவன் திரும்பி வந்தபோது, அவள் அச்சான அகராதியை மேசையில் விரித்து, முதல் பக்கத்திலிருந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

அவன் மறுநாள் கடையைத் திறக்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“நான் வாசிக்கிறேன். நீ பாக்காம அடி.”

மோட்டார் பெயர்கள் மட்டுமே பழகிய வாய், ஈரல் நோய்களின் பெயர்களைத் தடுமாறித் தடுமாறி வாசித்தது.

“கமாவையும் சேத்து வாசிங்க” என்றாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல். “இன்னும் எத்தனை பக்கம்னு மட்டும் சொல்லாதீங்க.”