ஐநூற்று ஒன்று

முப்பது வருஷத்துக்கு மேல் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையில் சில்லறை இல்லாமல் ஏறினவர்களை நான் விரட்டிய விரட்டு இரண்டு ஊருக்கும் தெரியும். அப்பேர்ப்பட்டவன் போன வாரம் ஒரே ஒரு காசுக்காக நாயாய் அலைந்தேன். செய்த வினை சும்மா விடுமா?

நானும் மனைவியும் ஜெர்மனிக்குப் போகிறோம், மகளைப் பார்க்க. கிருஷ்ணன்கோவில் காலேஜில் கூடப் படித்த பையனை விரும்பினாள். வேறு சாதி. ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் நடந்தது. நானும் போகவில்லை, மனைவியையும் விடவில்லை. எட்டு வருஷம் அவளோடு பேசவில்லை. வீம்பு என்று சொன்னால் மரியாதையாக இருக்கும், உண்மையில் அது வெறும் கொழுப்பு.

போன சித்திரையில் மனைவி போனை என் காதில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். "அப்பா, ஒரு தடவ வாங்கப்பா" என்றாள் மகள். "பாப்போம்" என்றேன். அவ்வளவுதான் பேசினோம். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஈரத்தலையோடு காலேஜ் பஸ்ஸுக்கு ஓடுவாளே, அந்த ஓட்டம் கண்ணுக்குள்ளேயே நின்றது. பார்க்க வேண்டும் போல இருந்தது. எட்டு வருஷமாக அப்படித்தான் இருந்தது, ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

விசா வந்ததும் பணம் மாற்ற வேண்டுமே. எங்கள் ஊர் பேங்கில் மதுரைக்குப் போகச் சொன்னார்கள். ராஜபாளையத்தில் ஒரு டிராவல்ஸ்காரர் மாற்றித் தருவதாகக் கேள்விப்பட்டு, பாஸ்போர்ட், விசா, டிக்கெட், பான் கார்டு எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனேன். மாடியில் சின்ன ஆபீஸ். மேஜைக்கு அந்தப் பக்கம் என் மகள் வயதில் ஒரு பெண்.

"எம்புட்டு யூரோ சார் வேணும்?"

"ஐநூத்தி ஒன்னு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஒரு யூரோவுக்கு நோட்டே கிடையாது சார், அது காசுதான். நாங்க காசு வாங்குறதும் இல்ல, விக்கிறதும் இல்ல."

"மொட்டையா ஐநூறு குடுக்கக் கூடாதும்மா. கல்யாணத்தன்னைக்கு வெத்தலையில வச்சுக் குடுத்திருக்க வேண்டிய பணம். எட்டு வருஷம் கழிச்சுக் குடுக்கப் போறேன். அதையாவது மொறையாக் குடுக்கணும்ல?"

அவள் யோசித்தாள். "அஞ்சு யூரோ நோட்டு இருக்கு சார். ஐநூத்தி அஞ்சாத் தரட்டுமா? அதுவும் ஒத்தப்படைதான?"

"அஞ்சு அஞ்சுதான், ஒன்னு ஒன்னுதான்" என்று எரிந்து விழுந்தேன். பூஜ்யத்தில் முடிந்தால் உறவும் அதோடு முடிந்தது. மேலே வைக்கிற அந்த ஒன்றுதான் அடுத்ததுக்குத் தொடக்கம். இதை எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பெண்ணுக்கும் தெரிந்துதான் இருந்தது. "நம்ம ஒத்த ரூபாயவே வச்சுக் குடுங்க சார்" என்றாள் மெதுவாக. அங்கே செல்லாத காசை வைத்து என்ன ஆசீர்வாதம் என்று முணுமுணுத்துக்கொண்டே ஐநூறை மட்டும் வாங்கிக்கொண்டு படியிறங்கினேன்.

அதற்குப் பிறகுதான் அலைச்சல். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடு ஒன்று விடாமல் ஏறி இறங்கினேன். சிங்கப்பூர் வெள்ளி இருந்தது, குவைத் காசு இருந்தது. மம்சாபுரத்தில் பட்டாளத்திலிருந்து வந்த ஒருவர் ஏதோ ஒரு காசைப் பெருமையாக எடுத்து வந்தார். அது நேபாளக் காசு.

நான் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்து புலம்புவதை மனைவி ஒரு வாரம் கேட்டாள். கடைசியில் பீரோவைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு கவரை எடுத்து என் மடியில் போட்டாள்.

"இதுக்குள்ள ஒன்னு கெடக்கு. தடவிப் பாருங்க."

எனக்கு அறுபது முடிந்த அன்று மகள் தன் சிநேகிதியிடம் கொடுத்தனுப்பிய கவர். நான் கையால் தொடவில்லை. "வந்தபடியே திருப்பி அனுப்பிரு" என்று கத்தியது எனக்கே நினைவிருக்கிறது. மனைவி அனுப்பவில்லை. எனக்கு வந்தது என்று பிரிக்கவும் இல்லை. நாலு வருஷம் சேலைக்கு அடியில் வைத்திருந்திருக்கிறாள்.

பிரித்தேன். ஐம்பது யூரோ நோட்டு. மடித்த வெள்ளைத்தாளில் டேப் போட்டு ஒட்டிய ஒரு யூரோ காசு. அதன் கீழே 'அப்பாவுக்கு' என்று அவள் கையெழுத்து.

ஐம்பத்தொன்று.

அவள் மொட்டையாக விடவில்லை. நான் பேச்சை முடித்த பிறகும் அவள் முடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். மனைவி பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள்.

"அப்ப இந்தக் காசையே எடுத்துக்கிட்டுப் போங்க. ஐநூத்தி ஒன்னு ஆச்சுல்ல?" என்றாள்.

"ஏட்டி, இது அவ எனக்கு வச்சது. இதத் திருப்பிக் குடுத்தா இன்னைக்கும் வேண்டாம்னு சொன்ன மாதிரில்ல ஆயிரும்?"

அந்தக் காசு இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. ஐநூறோடு வைக்க நம்ம ஒற்றை ரூபாய் ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். ராஜபாளையத்துப் பெண் சொன்னதுதான் சரி. தன் ஊர்க் காசை மகள் எனக்கு வைத்தாள், என் ஊர்க் காசை நான் அவளுக்கு வைக்கிறேன்.

வியாழக்கிழமை விமானம். நான் நீட்டும்போது அவள் அன்றைக்கே வாங்கிக்கொள்ள வேண்டும். என்னைப் போல நாலு வருஷம் ஆக்கிவிடக் கூடாது.