மரியநாயகி அக்கா கேட்ட பாண்

போன செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு ரெஜினா போன் செய்தாள். "ஆன்டி, அம்மா போயிட்டாங்க." அன்று மதியம்வரை அவள் தாயார் மரியநாயகி அக்காவின் கட்டிலருகே இருந்தவள் நான். அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் எங்களுக்கு எதிர்வீடு. யாழ்ப்பாண வழிவந்த கத்தோலிக்கக் குடும்பம். ரயில்வே அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளியை விட்டவள். மிச்சத்தை நானாகப் படித்துக்கொண்டேன். அதனாலோ என்னவோ, எங்கள் பேச்சு முடிவதே இல்லை.

நான் ரொட்டி என்பதை அவர் பாண் என்பார். சிறு வயதில் லத்தீனில் மனப்பாடம் செய்த கர்த்தர் கற்பித்த செபத்தில் அதே சொல்லைக் கண்டுகொண்டதிலிருந்து அவருக்கு அதன்மேல் ஒரு பித்து. லத்தீனில் பானிஸ், அது போர்த்துகீசியர் வாயில் பாவ் ஆகி, கப்பலேறி வந்து, யாழ்ப்பாணத்தில் பாண் ஆனதாம். பேன்ட்ரியும் அதன் பிள்ளைதானாம். கம்பெனி என்றால் ஒன்றாகப் பாண் உண்கிறவர்களாம்.

"எங்க வீட்டுக்காரர் கம்பெனியில ஒரு பிஸ்கட்டுகூடத் தர்றதில்லையே அக்கா" என்றேன்.

"அப்ப அது கம்பெனியே இல்ல லா" என்றார்.

பிறகு புற்றுநோய் வந்தது. கடைசி நான்கு நாள் எதுவும் உள்ளே இறங்கவில்லை. செவ்வாய் காலை பத்து மணிக்கு, கிள்ளானிலிருந்து அவருக்குப் பழக்கமான ஃபாதர் நற்கருணை அப்பம் கொண்டுவருவதாக ஏற்பாடு. ரெஜினா மருந்து வாங்கப் போயிருந்தாள். ஒன்பதரைக்கு அக்கா கண் திறந்தார்.

"தங்கச்சி, ஒரு துண்டு பாண், தேத்தண்ணியில நனைச்சுத் தாங்கோ."

நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் எதுவும் உண்ணக் கூடாது. நான் ஒருநாளும் மீறாத விதி. ஃபாதர் வரட்டும், இன்னும் கொஞ்ச நேரம்தான் என்றேன். நெடுஞ்சாலையில் ஜாம்; ஃபாதர் வரவில்லை. மறுபடி கேட்டார். மறுபடியும் மறுத்தேன். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை.

பதினொன்றே காலுக்கு ஃபாதர் வந்தபோது அக்காவுக்கு நினைவில்லை. விழுங்க முடியாத நிலை. எண்ணெய் பூசிச் செபித்தார். நடந்ததைச் சொன்னேன். தணிந்த குரலில், "நோயாளிக்கு அந்த விதி கிடையாதும்மா" என்றார்.

அந்தப் பாணும் இல்லை, ஆண்டவருடைய அப்பமும் இல்லை. வெறும் வயிற்றோடு அனுப்பிவைத்தேன். நான் நன்றாகப் பார்த்துக்கொண்டதாக எல்லோரும் கையைப் பிடித்துச் சொல்கிறார்கள். பாவசங்கீர்த்தனத்தில் அழுதேன், தெரியாமல் செய்தது பாவமில்லை என்கிறார் ஃபாதர். பாவமே இல்லையென்றால் மன்னிப்பை யாரிடம் போய்க் கேட்பேன்?

பெட்டிக்குள் அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. மூடும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போய் வாருங்கள் அக்கா. அங்கே நீங்கள் கேட்டவுடனே கொடுக்கட்டும்.