ஒரு டியூப் போதும் என்றவர்

எனக்கு இடுப்பில் படர்தாமரை வந்தது மாசி மாதம். பாவாடை நாடா கட்டுகிற இடம். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் வேலை. உட்கார்ந்தே இருக்கணும். வியர்வையில் இன்னும் பரவியது.

மாமியார் பார்த்துவிட்டார். "கம்பெனில நாலு பொம்பளைங்களோட ஒட்டி உரசி வாங்கினு வந்துட்டா" என்றார். அதோடு மகளைத் தூக்க விடவில்லை. ஒன்றரை வயசுப் பிள்ளை. கை நீட்டுவாள். மாமியார் உள்ளே தூக்கிப் போய்விடுவார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அம்மா சொல்றது சரிதானே. குழந்தைக்கு ஒட்டிக்கினா பேஜார்" என்றார். அவருக்கு டேனரியில் தோல் பதனிடுகிற வேலை. நாளெல்லாம் ஈரத்தில் நிற்பார். கொஞ்ச நாளாக வீட்டில் பனியனைக் கழற்றுவதில்லை. நான் அதை யோசிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா களிம்பு எழுதினார். "அரிப்பு நின்னுட்டாலும் நிறுத்தாத. போட்டதும் கைய கழுவிட்டு குழந்தைய தூக்கலாம். வீட்ல யாருக்குன்னா இருந்தா அவங்களும் போடணும். இல்லன்னா திரும்ப வரும்."

யாருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மருந்துக் கடைக்காரர் சீட்டைப் பார்த்தார். "அண்ணனுக்குத் தீர்ந்துபோச்சாம்மா?"

"எந்த அண்ணனுக்கு?"

"உன் வீட்டுக்காரருக்குத்தான். பொங்கலுக்கு முன்னாடிலேர்ந்து இதத்தான வாங்கறாரு. வீட்லயும் போடணும், ரெண்டா எடுத்துக்கோன்னேன். ஒண்ணு போதும்னுட்டாரு."

வீட்டுக்கு வந்து டியூபை அவர் முன்னால் வைத்தேன்.

"டேனரில எல்லாருக்கும் வர்றதுதான். எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன்."

"அத்தை என்னப் பேசறப்ப சொல்லியிருக்கலாம்."

அவர் திரும்பி நின்று பனியனைத் தூக்கினார். "முதுகுல கை எட்டல. போட்டுவிடு."

"உங்கம்மாவப் போட்டுவிடச் சொல்லுங்க."

நானே மாமியாரைக் கூப்பிட்டேன். முதுகைப் பார்த்தார். இடுப்பிலிருந்து மேலே ஏறியிருந்தது. விரலில் களிம்பை எடுத்து மெதுவாகத் தடவினார்.

"தண்ணில நின்னு பாடுபடற பிள்ள. வராம இன்னா செய்யும்" என்றார்.

நான் உள்ளே போய் மகளைத் தூக்கினேன். யாரும் தடுக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மாமியார் இருந்த பக்கம் கை நீட்டி அழுதாள்.