இறங்காத பாய்

இங்கிலீஷில் அச்சடித்து வந்தால் போதும், அதை அப்படியே நம்பிவிடுகிற ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் முதல் இடம் என் மேலாளருக்குத்தான்.

அறுபதுகளின் நடுவில், கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்தேன். வீடு செம்பூர் திலக் நகரில். மேலாளர் மாதுங்காவாசி, பாலக்காட்டுக்காரர். ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருந்தார். நீந்தத் தெரியாது. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதும் தெரியாது. கேட்லாக் மட்டும் நன்றாகப் படிப்பார்.

படகோடு அதை ஓட்டும் கலாசி ஒருவரும் வந்து சேர்ந்தார். திருச்செந்தூர்ப் பக்கத்துக் கடற்கரைக்காரர், ஐம்பது வயதிருக்கும், தாராவியில் குடும்பம். பாயை ஏற்றவும் இறக்கவும் அவருக்கு ஒரே ஒரு கயிறு. காற்று மிஞ்சினால் பாயின் கீழ்ப்பகுதியை மடித்து, அதில் தைத்திருந்த துண்டுக் கயிறுகளால் கட்டிவிடுவார். முடிந்தது வேலை.

மேலாளருக்கு இது கௌரவக் குறைச்சலாக இருந்தது. "இது படகா, மாட்டு வண்டியா?" என்பார். பெரிய பாயில் கயிறு இருந்த இடத்தில் எஃகுக் கம்பி வந்தது. கம்பியைச் சுற்றிக்கொள்ள ஒரு வின்ச் வந்தது. பாயை அதன் அடியிலுள்ள குறுக்குக் கட்டையிலேயே சுருட்டுவதற்குப் பல்சக்கரமும் கைப்பிடியும் வந்தன. எல்லாம் சீமைச் சரக்கு. இறக்குமதி லைசென்சுக்கு மனு, அதற்கு நினைவூட்டல், ஸ்பிரிங் ஒன்று குறைகிறதென்று புகார், தப்பான ஸ்பிரிங் வந்ததென்று இன்னொரு புகார். அத்தனையும் கம்பெனி நேரத்தில், கம்பெனிக் காகிதத்தில், நான் தட்டியவை.

கலாசி ஒருமுறை ஆபீசுக்கே வந்து சொல்லிப் பார்த்தார். "கயிறு நைஞ்சு போனா கண்ணுக்குத் தெரியும்லா சாப். இது உள்ளுக்குள்ளயே கெட்டுப் போவும். நமக்கு எப்படித் தெரியும்?"

"உனக்குத் தெரியாது. புஸ்தகத்துக்குத் தெரியும்," என்றார் மேலாளர்.

மே மாதக் கடைசி. மழைக்கு முன்னால் மற்றவர்கள் படகுகளைக் கரையேற்றிவிட்டார்கள். புது வின்ச்சை ஒரு தடவையாவது ஓட்டிப் பார்க்காமல் இவருக்குத் தூக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மனைவியைக் கூட்டிக்கொண்டார். வின்ச்சோடு வந்த இயந்திரப் புஸ்தகத்தை வாசித்துச் சொல்ல என்னையும் வரச் சொன்னார். நானும் போனேன்.

துறைமுகத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம், வானம் ஒரு மூலையில் கறுத்தது.

"சாப், பாயை எறக்கிருவோம்," என்றார் கலாசி.

"எறக்க வேண்டாம். சுருட்டினாப் போறும்," என்று மேலாளர் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார். அது அசையவில்லை, பல்சக்கரத்தில் உப்பு ஏறியிருந்தது. இறக்கிவிடலாம் என்று வின்ச்சுக்குப் போனார். அதில் கம்பியின் சுற்றுகள் ஒன்றன் அடியில் ஒன்று புகுந்து இறுகியிருந்தன. காற்று வந்து மோதியது. படகு ஒரு பக்கமாகச் சாய, தண்ணீர் உள்ளே ஏறியது. அவர் மனைவி என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள்.

"பதினாலாம் பக்கம் படிம்மா! ஜாம் ஆனா என்ன பண்ணணும்னு போட்டிருக்கும்!" என்று கத்தினார் மேலாளர்.

முழங்கால்வரை தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு நான் படித்தேன். இதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு அருவருப்பு வருகிறது. பழுது ஏற்பட்டால் அருகிலுள்ள ஏஜென்டை அணுகவும் என்று போட்டிருந்தது.

கலாசி யாரையும் கேட்கவில்லை. இடுப்பிலிருந்த கத்தியை எடுத்தார். பாயில் குத்தி, கை எட்டும் மட்டும் குறுக்கே இழுத்தார். மிச்சத்தைக் காற்றே கிழித்துப் போட்டது. படகு நிமிர்ந்தது. முன்பக்கச் சின்னப் பாயில் மட்டும் இன்னும் பழைய கயிறுதான் இருந்தது. அதை வைத்தே எங்களைக் கரை சேர்த்தார்.

"என்னடா பண்ணினே! சீமைப் பாய்டா அது!" மேலாளர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இதுதான்.

அவர் மனைவி கரையில் இறங்கினாள். கலாசியைப் பார்த்துக் கும்பிட்டாள். கணவர் பக்கம் திரும்பாமலே டாக்ஸி பிடித்துப் போய்விட்டாள்.

மறுநாள் மேலாளர் கடிதம் சொன்னார், நான் தட்டினேன். அஜாக்கிரதையால் விலையுயர்ந்த இறக்குமதிப் பொருளை நாசம் செய்ததற்காகக் கலாசியை வேலையிலிருந்து நீக்குகிறேன் என்று. நான் ஒரு வரிகூட மாற்றவில்லை. கையெழுத்துக்கு நீட்டினேன்.

கலாசி என் மேஜைக்கு வந்து, "என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்கம்மா," என்றார். தமிழில் சொன்னேன்.

"கம்பி சிக்கினது இதுல இருக்கா?"

"இல்லை."

"நாம உசுரோட வந்தது?"

"அதுவும் இல்லை."

"சரிம்மா," என்று காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். ஒரு சரக்குத் தோணியில் வேலை கிடைத்ததாகப் பிறகு பியூன் சொன்னான்.

மேலாளர் அந்தப் படகை விற்றுவிட்டார். நம் ஆட்களுக்கு நுட்பமான சாமானைக் கையாளத் துப்பில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தலையாட்டிக் கேட்கவும் ஆட்கள் இருந்தார்கள். நான் ஆட்டவில்லை. ஆனால் அவர் கூப்பிட்டபோதெல்லாம் நோட்டும் பென்சிலுமாக எழுந்துபோனேன், இன்னும் நாலு வருஷம்.