அம்மாவின் கதைகளை ஃபார்மட் செய்த நாள்

கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஒரு ஃபைலைத் திறப்பதற்குள் ஒரு டம்ளர் டீ குடித்து முடித்துவிடலாம். ஃபார்மட் செய்தால்தான் சரியாகும் என்று தீர்ப்புச் சொன்ன மேதாவி நான்தான். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. தலைநகரின் லோதி ரோடு அரசாங்கக் குடியிருப்பில் நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். அம்மா ஆபீஸ் போன பிறகு நாள் முழுக்க கேம் ஆடுவதுதான் என் கோடை விடுமுறை.

காலேஜ் தோழி ஒருத்தியிடம் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் இருந்தது. செங்கல் கனம், அதற்கென்று தனி அடாப்டர் வேறு. ஒரு நாளைக்குக் கடன் வாங்கி வந்தேன். முதலில் என் கேம்களை ஏற்றினேன். பின்னே? கிரிக்கெட்டில் பாதி சீசன் ஜெயித்து வைத்திருந்தேன். காப்பி ஆகும் கோடு நகர நகர, கரண்ட் போய்விடுமோ என்று யூபிஎஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அம்மாவின் ஃபோல்டர். சுண்டைக்காய் அளவு. கண்ணை மூடித் திறப்பதற்குள் ஏறிவிட்டது.

ஃபார்மட் முடிந்தது. எல்லாவற்றையும் திரும்பப் போட்டேன். கார் ரேஸ் ஓடியது. கிரிக்கெட் சீசன் விட்ட இடத்தில் நின்றது. எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு மணிக்கு அம்மா ஆபீஸிலிருந்து போன் செய்தாள். "கதையெல்லாம் பிரின்ட் எடுத்து வைடி. நாளைக்குப் பதிப்பகத்துக்கு அனுப்பணும். ஜல்தி எடு, கரண்ட் போயிடும்."

திறந்தேன். தமிழ் இல்லை. தலையில் கொம்பு முளைத்த இங்கிலீஷ் எழுத்துகளும் கேள்விக்குறிகளும் பக்கம் பக்கமாக நின்றன. அடுத்ததைத் திறந்தேன். அதுவும் அப்படியே. பதினோரு கதைகள், பதினொன்றும் அப்படியே.

நான்கு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மா தட்டிய கதைகள். கையால் எழுதிய காகிதங்களை, டைப் ஆனதும் பழைய பேப்பர் வாங்கும் கபாடிவாலாவுக்குப் போட்டுவிட்டாள். சென்னையில் ஒருவர் முதல் முறையாகப் புத்தகம் போடச் சம்மதித்திருந்தார். அந்தக் கடிதத்தை அம்மா ஹேண்ட்பேக்கிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் போன் செய்தேன். "ஃபைல் கரப்ட் ஹோ கயா, மேடம். டிலீட் கர் தோ" என்றார் அந்த ஆள், மிக நிதானமாக. ஃபைல் கெட்டுப்போயிற்றாம், அழித்துவிட வேண்டுமாம். மகாராஜனுக்கு என்ன போயிற்று?

அப்புறம் நான் செய்ததெல்லாம் வெறும் பைத்தியக்காரத்தனம். ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கி மாட்டினேன். மறுபடி காப்பி செய்தேன். மறுபடி கொம்பு. கரண்ட் ஏறி இறங்கியது, அதில் போயிற்று என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அம்மாவே தப்பாக சேவ் செய்திருப்பாள் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன், கண்ணாடி முன்னால். என்னைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது. ஆறு மணி ஆக ஆக, வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் ஸ்கிரீனை அணைத்தேன்.

அம்மா உள்ளே வந்து பையை வைப்பதற்குள் சொல்லிவிட்டேன். சொன்னேனா, அழுதேனா, தெரியாது.

அவள் ஸ்கிரீன் அருகே குனிந்து பார்த்தாள். "ஃபான்ட் எங்கடி?"

"என்ன ஃபான்ட்?"

"தமிழ் எழுத்தோட ஃபான்ட். அதைத் தனியா போடணும். இல்லேன்னா இப்படித்தான் தெரியும். இதுக்கா இந்த அழுகை?" பீரோவைத் திறந்து, புடவைக்கு அடியிலிருந்து ஒரு ஃப்ளாப்பியை எடுத்து வந்தாள். அவளே போட்டாள். கொம்புகள் மறைந்து, வட்ட வட்டமாகத் தமிழ் வந்து உட்கார்ந்தது. நான் நாற்காலியில் சரிந்தேன்.

அம்மா முகம் கழுவப் போனாள். "கடைசிக் கதை முழுசா இருக்கா? சத்தமா வாசி, நான் கேட்டுண்டே வரேன்."

பள்ளிக்கூடத்தில் நான் படித்தது ஹிந்தியும் சமஸ்கிருதமும். தமிழ் எழுத்துகள் பாதி தெரியும், பாதி ஊகம். தலைப்பு மூன்று வார்த்தை. விரலை ஸ்கிரீனில் வைத்து எழுத்துக் கூட்டினேன். முதல் வரியின் நடுவில் நின்றுபோனேன். குழாய்ச் சத்தம் நின்றது.

அம்மா துண்டும் கையுமாக வாசற்படியில் நின்றாள். முகத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இவ்வளவுதானா உனக்கு வரும்?"

ஸ்கிரீனிலிருந்து விரலை எடுத்தேன்.

"என் பொண்ணு ஒரு நாள் எடுத்துப் படிப்பான்னு நினைச்சுண்டுதான் ஒவ்வொண்ணையும் எழுதினேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. கோபமே இல்லை. உள்ளே வந்து, என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, அந்தக் கதையை மூடினாள்.