ரப்பர் பாலில் ஒட்டிய சட்டை

போரில் ஜப்பான்காரன் வந்து ஆண்ட காலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் துணியைவிட நூலுக்குத்தான் பஞ்சம். கடைகளில் நூல்கண்டைக் கண்ணால் பார்த்தே மாதக்கணக்காகியிருந்தது. கணவரின் பழைய வேட்டியை மகளின் சட்டை அளவுக்கு வெட்டி வைத்துவிட்டேன். ஊசியும் இருந்தது. நூல் மட்டும் இல்லை. அவளுக்கு அப்போது ஒன்றரை வயது. இருந்த ஒரே சட்டையும் முதுகில் கிழிந்து, கொசுக்கடி முழுவதும் புண்ணாகிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு அக்காவிடம் நூல் இருந்தது. அன்னாசி இலையைக் கொட்டாங்கச்சியால் சுரண்டி, நாரைப் பிரித்து, தொடையில் வைத்துத் திரிப்பார். லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் எல்லாரும் கிழிசலைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலுக்குப் போனார்கள். என் மகளும் தத்தித் தத்தி நடந்து அங்கேதான் போவாள். நான் சுங்கைப் பட்டாணி நகரத்துப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தவள். துணியில் பூவும் கிளியும் போட்டுப் பாராட்டு வாங்கியவள். கையெழுத்துப் போடத் தெரியாத அவரிடம் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் அக்காவே கூப்பிட்டுக் கேட்டார்.

“என்னம்மா, துணிய வெட்டி வச்சு எத்தன நாளாச்சு. நூல் வேணுமா?”

“வேணாங்க்கா. நானே ஒரு வழி வச்சிருக்கேன்.”

என் வழி இதுதான். ரப்பர் மரத்தில் பால் வடியக் கட்டியிருந்த கோப்பையிலிருந்து கொஞ்சம் எடுத்துவந்து, துணியின் ஓரங்களில் தடவி, ஒன்றின்மேல் ஒன்று வைத்து அழுத்தினேன். காய்ந்ததும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். பிரியவில்லை. மகளுக்குப் போட்டு வாசலில் விட்டேன், அக்கா பார்க்கட்டும் என்றுதான்.

உச்சி வெயிலில் பால் இளகிவிட்டது. குழந்தை வீறிட்டாள். கக்கத்தில் சட்டை தோலோடு ஒட்டியிருந்தது. நான் இழுக்க இழுக்க அழுகை கூடியது.

“இழுக்காத லா, தோலு வந்துரும்,” என்று அக்கா ஓடிவந்தார். விளக்குக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயைச் சிறிதும் யோசிக்காமல் ஊற்றி, விரலால் தேய்த்துத் தேய்த்துப் பிரித்தெடுத்தார். மகள் அவர் மடியிலேயே அழுகையை நிறுத்தினாள். நன்றி சொல்லியிருக்க வேண்டும். என் மடிக்கு ஏன் வரவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மிச்ச வேட்டியில் அன்றே புதுச் சட்டை தைத்துக் கொடுத்தார். மாலையில் கிழங்குக் காட்டிலிருந்து திரும்பிய கணவர் மகளைத் தூக்கிப் பார்த்து, “நல்லாத் தச்சிருக்கியே,” என்றார்.

“ம்,” என்றேன்.

சொல்லிய பிறகுதான் அக்கா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவிலிருந்த பலகைச் சுவர் நினைவுக்கு வந்தது. அந்தப் பக்கம் இருமினால்கூட இந்தப் பக்கம் கேட்கும். கணவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா, வேண்டாமா என்று கடைசிவரை தீர்மானிக்க முடியவில்லை.

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். அக்கா என் மகளைப் பார்த்துவிட்டு, சிரிக்காமல் சொன்னார்.

“ஏம்மா, நீ தச்ச சட்டையில ஒரு கை ஓரத்த மடிக்காம விட்டுட்டியே. கழட்டிக் குடு, முடிச்சுத் தாரேன்.”

முகம் சுட்டது. கழற்றிக் கொடுத்தேன். முந்தானையில் குத்தியிருந்த ஊசி நூலை எடுத்து, குழாயடியில் நின்றபடியே மடித்துத் தைத்தார். தையல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. அதையும் பொறாமையோடுதான் பார்த்தேன்.