அவருக்கு ஊற்ற வந்த பால்

அன்று வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். கட்டிலில் என் வீட்டுக்காரர். கால்மாட்டில் அவருடைய அண்ணன், அதாவது என் மூத்தார். பக்கத்தில் மூத்தாரின் பெண்சாதி. தலைமாட்டில், திருநாவலூரில் வாழ்க்கைப்பட்டிருந்த என் நாத்தனார். வாசற்படியில் பால் சொம்போடு பக்கத்து வீட்டு அம்மா. ஆறாவது நான். தெருக்குழாயிலிருந்து குடத்தோடு அப்போதுதான் உள்ளே நுழைந்தேன்.

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. கை கால்கூடக் கொஞ்சம் அசைந்தது. தொண்டைதான் விழுங்க மறந்துவிட்டது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண் இருந்தார், பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் வீட்டுப் பெண். பேசக் கற்றுக்கொடுப்பார் என்று பார்த்தால், முதலில் விழுங்கத்தான் கற்றுக்கொடுத்தார். தண்ணீர், டீ, பால் எதுவும் ஆகாது, ஓடுகிறதெல்லாம் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் என்றார். கல்வராயன் மலையிலிருந்து வரும் கேழ்வரகைக் கூழாக்கி வடிகட்டி, கரண்டியைச் சாய்த்தால் சொட்டாமல் தொப்பென்று விழுகிற பதத்தில் கொடுக்க வேண்டும். நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையை நெஞ்சோடு சேர்த்து, ஒரு வாய்க்கு இரண்டு முறை விழுங்கச் சொல்ல வேண்டும். பிறகு 'ஆ' சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். குரல் ஈரமாகக் கொழகொழத்தால் உள்ளே ஏதோ தங்கியிருக்கிறது. இருமவைத்து வெளியே எடுக்க வேண்டும்.

நான் ஏழாவதோடு நின்றவள். எதற்கும் பயம். பஸ் டிக்கெட்டை இறங்குகிற வரைக்கும் உள்ளங்கையில் பொத்தி வைத்திருப்பேன். அந்தப் பயத்தால்தான் ஆஸ்பத்திரிப் பெண் சொன்னதில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

நான் குழாயடியில் நின்ற நேரத்தில் நாத்தனார் பாசத்தில் அண்ணனுக்கு அரை டம்ளர் டீயைப் புகட்டியிருக்கிறாள். கழுத்துக்குள் கொடகொடவென்று சத்தம், கண் செருகிக்கொண்டது. கோழை கட்டிவிட்டது, இனி நிற்காது, பாலை ஊற்றி நிம்மதியாக அனுப்புவோம் என்று மூத்தார் முடிவே செய்துவிட்டார். டம்ளரில் பால் தயாராக இருந்தது. வாயைத் திறந்து பிடிக்கச் சொன்னார் என்னை.

"கீழ வைங்க மாமா. அது வயித்துக்குப் போவாது, நெஞ்சுக்குத்தான் போவும்."

"நீ இன்னா டாக்டருக்கா படிச்ச? இழுத்துக்கினு கெடக்குறான், தெரியல?"

டம்ளர் வாயருகே போனது. அதைப் பிடுங்கி, அத்தனை பாலையும் நானே குடித்துவிட்டேன்.

நாத்தனாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "இன்னா அண்ணி இது, சாவுறவங்களுக்கு ஊத்துற பாலு."

"சக்கரை கம்மி," என்றேன்.

அவரைத் தூக்கி முன்னால் சாய்த்து, இருமச் சொல்லிக் காதில் கத்தினேன். முதல் இருமல் வெறும் காற்று. இரண்டாவதும் அப்படியே. போகிற உயிரைப் போட்டு உலுக்காதே என்றாள் மூத்தார் பெண்சாதி. மூன்றாவதில் டீயும் கோழையுமாக என் புடவையில் கொட்டியது. விழுங்கச் சொன்னேன். கழுத்தில் வைத்திருந்த விரலுக்கடியில் குரல்வளை ஏறி இறங்கியது.

"ஆ சொல்லுங்க."

"ஆ."

உடைந்த குரல்தான். ஆனால் ஈரமில்லை.

அப்போதே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நெஞ்சில் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஊசி போட்டுத் தேற்றிவிட்டார்கள். நடந்ததைக் கேட்ட அந்தப் பெண், பாலைக் குடிப்பது மட்டும் தான் சொல்லிக்கொடுக்காத பாடம் என்று சிரித்தார்.

இப்போது என் வீட்டுக்காரர் தன் கையாலேயே சாப்பிடுகிறார், என்னைத் திட்டவும் குரல் இருக்கிறது. குறை மூத்தாருக்குத்தான். தம்பி தாங்கமாட்டான் என்று அதற்கு முந்தைய வாரமே எலவனாசூர்கோட்டையில் பந்தலுக்கும் ஐஸ் பெட்டிக்கும் முன்பணம் கட்டி வைத்திருந்தாராம். கடைக்காரர் திருப்பித் தரவில்லை. அந்தப் பணத்தை மூத்தார் பொங்கலுக்கு ஒருமுறை, ஆடிக்கு ஒருமுறை எங்களிடம் வந்து கேட்கிறார்.

"நான் செத்தப்புறம் கழிச்சிக்கச் சொல்லு," என்கிறார் என் வீட்டுக்காரர்.

நான் அதற்கும் ஒப்பவில்லை. மூத்தாருக்கு நாங்கள் இன்னும் கொடுக்காத பாக்கி, ரூபாய் ஆயிரத்து ஐந்நூறு.